கறவை மாட்டின் ஈற்றுகளைக் கூட்டுவது எப்படி: ஐந்து மாட்டுக் கொட்டகைக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கிடேரிக் கன்று பிறந்து, வளர்ந்து, சினைப்பட்டு, முதல் ஈற்றுக்கு வருவதற்கு நம் ஊர்களில் பொதுவாக இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அது தின்னும் தீவனமும் குடிக்கும் தண்ணீரும் முழுக்க முழுக்கச் செலவுக் கணக்கில்தான் நிற்கும். அதன் இரைப்பையிலிருந்து ஏப்பமாக வெளியேறும் மீத்தேனுக்கும் ஈடாக ஒரு சொட்டுப் பால் கிடைப்பதில்லை. இந்தச் செலவை இரண்டு ஈற்றுகளில் பங்கிடுவதா, ஆறு ஈற்றுகளில் பங்கிடுவதா என்பதுதான் நீடித்த பால் உற்பத்தியின் அடிப்படைக் கணக்கு. மாடுகள் இடையிலேயே கழித்துக்கட்டப்படுவதற்கு உலகெங்கும் முதன்மையாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: சினை பிடிக்காமை, மடிநோய், கால் நோவு. இம்மூன்றும் மாட்டின் உடல் நலிவோடும் அது படும் சிரமத்தோடும் நேரடியாகத் தொடர்புள்ளவை. ஆகவே மாட்டின் நலம் என்பது இரக்கத்தின் பெயரால் தனியே செய்யவேண்டிய ஓர் அறச்செயல் என்றும், நீடித்த வேளாண்மை என்பது வேறொரு திட்டம் என்றும் பிரித்துப் பார்ப்பது சரியன்று என்பது என் கருத்து.

பிரிட்டனில் 1965ஆம் ஆண்டு பிராம்பெல் குழு, பண்ணை விலங்குகளுக்கு எழவும், படுக்கவும், திரும்பவும், தம்மைத் தாமே நக்கிக்கொள்ளவும், கால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்று அறிக்கை அளித்தது. அதிலிருந்து வளர்ந்து 1979இல் வடிவம் பெற்றவையே பின்னாளில் ஐந்து சுதந்திரங்கள் என்று பாடநூல்களில் இடம்பெற்றவை: பசி தாகம் இன்மை, வசதிக் குறைவு இன்மை, வலியும் நோயும் இன்மை, இயல்பாக நடந்துகொள்ளும் உரிமை, அச்சம் இன்மை. அவை பெரும் பண்ணைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்றாலும், கட்டுத்தறியில் மூன்று முழக் கயிற்றில் நிற்கும் நம் மாட்டுக்கும் அவற்றுள் எதுவும் பொருந்தாமல் போவதில்லை. இந்த வழிகாட்டி தமிழ்நாட்டுச் சமவெளியில் மூன்று முதல் ஐந்து கலப்பின மாடுகள் வைத்திருப்பவரை முன்னிறுத்தி எழுதப்பட்டது.

செலவு செய்யும் முன் ஒரு வாரம் பாருங்கள்

புதிய கொட்டகை, புதிய தீவனம் என்று எதையும் தொடங்குவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, ஏழு நாட்கள், நாளுக்கு மூன்று முறை, ஐந்து நிமிடம் மாடுகளைப் பாருங்கள். காலை கறவைக்கு முன், பகல் இரண்டு மணி, இரவு ஒன்பது மணி ஆகியவை பொருத்தமான நேரங்கள். ஒவ்வொரு முறையும் நான்கு செய்திகளைக் குறியுங்கள்: எத்தனை மாடுகள் படுத்திருக்கின்றன, அவற்றுள் எத்தனை அசைபோடுகின்றன, விலா எத்தனை முறை ஏறி இறங்குகிறது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா.

மூச்சை எண்ணுவது எளிது. மாட்டின் பக்கவாட்டில் சில அடி தள்ளி நின்று, விலா எழும்பித் தாழ்வதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால் மாடு வெப்பத்தோடு போராடத் தொடங்கிவிட்டது. 80ஐத் தாண்டி, வாய் திறந்து எச்சில் ஒழுகினால் நிலைமை மோசம். அசைபோடுதலைப் பொறுத்தவரை, ஒரு கவளத்தை மேலே கொண்டுவந்து மீண்டும் விழுங்குவதற்குள் ஐம்பது முதல் எழுபது முறை வரை மென்றால் நார்ச்சத்து போதிய அளவில் கிடைக்கிறது என்று கொள்ளலாம். ஒரு நல்ல மாடு நாளில் ஏழு முதல் ஒன்பது மணி நேரம் அசைபோடுவதிலேயே கழிக்கும். ஓய்ந்திருக்கும் நேரத்தில் பார்க்கும்போது பாதி மாடுகளேனும் அசைபோடவில்லை என்றால், தீவனத்திலோ இடத்திலோ ஏதோ ஒன்று சரியில்லை.

சாணத்தையும் பாருங்கள். அதில் முழுச் சோளமோ மக்காச்சோளமோ தெரிந்தால் அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தீவனம் செரிக்காமல் வெளியேறுகிறது என்று பொருள். தண்ணீராகத் தெறித்தால் பிண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்த அடர்தீவனம் மிகுந்திருக்கலாம். கட்டிகட்டியாக இருந்தால் தண்ணீர் குறைந்திருக்கலாம்.

வெப்பத்தை எண்ணால் அளத்தல்

மாட்டுக்கு எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதை வெப்பநிலையும் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்த ஒரு குறியீட்டால் ஆய்வாளர்கள் அளக்கின்றனர். அதைக் கணக்கிடும் முறை இதுதான். செல்சியஸ் வெப்பநிலையை 1.8ஆல் பெருக்கி 32ஐக் கூட்டுங்கள். இது முதல் எண். ஈரப்பத விழுக்காட்டை 0.0055ஆல் பெருக்கி, வரும் விடையை 0.55இலிருந்து கழியுங்கள், அதை, வெப்பநிலையை 1.8ஆல் பெருக்கி 26ஐக் கழித்தால் வரும் எண்ணோடு பெருக்குங்கள். இது இரண்டாவது எண். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் குறியீடு கிடைக்கும். நெடுங்காலமாக 72 என்பதே எல்லையாகக் கொள்ளப்பட்டது; அதிகப் பால் தரும் மாடுகளுக்கு அந்த எல்லை 68 என்று பிந்தைய அமெரிக்க ஆய்வுகள் காட்டின.

இந்தக் கணக்கை நம் ஊருக்குப் போட்டுப் பார்த்தால் சற்றுத் திகைப்பாகவே இருக்கும். 25 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் நமக்கு இதமான காலைப்பொழுது. குறியீடோ அப்போதே 73ஐத் தொட்டுவிடுகிறது. கடற்கரை மாவட்டத்தில் 34 டிகிரியும் 70 விழுக்காடும் உள்ள பகலில் அது 87. இதனினும் முக்கியமானது இரவுக் கணக்கு. 28 டிகிரியும் 80 விழுக்காடும் உள்ள கடலோர இரவில் குறியீடு ஏறக்குறைய 80. 20 டிகிரியும் 70 விழுக்காடும் உள்ள மேட்டு நில இரவில் 66. பகலில் உடலில் ஏறிய வெப்பத்தை மேட்டு நிலத்து மாடு இரவில் இறக்கிவைத்துவிடுகிறது. கடலோர மாட்டுக்கு அந்த வாய்ப்பு கோடை முழுவதும் கிடைப்பதில்லை. சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, மலைப்பகுதிக்குக் கருப்பு வெள்ளை நிற ஃபிரீசியன் கலப்பு என்று தமிழ்நாட்டின் இனப்பெருக்கக் கொள்கை பிரித்துச் சொல்வதன் பின்னணி இதுவே. சந்தையில் இருபது லிட்டர் கறக்கும் என்று கருப்பு வெள்ளை மாட்டைக் காட்டும்போது, அது எந்த ஊர் இரவில் இருபது லிட்டர் கறந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

செய்யவேண்டியவை பெரும்பாலும் செலவு குறைந்தவை. கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே நுழைவது குறையும். தகரக் கூரையாகவோ சிமெண்ட் அட்டைக் கூரையாகவோ இருந்தால் அதன்மேல் தென்னங்கீற்று பரப்பலாம், அல்லது வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். பக்கச் சுவர்கள் இருந்தால் இடித்துத் திறந்துவிடுங்கள். மாட்டுக்குக் குளிர் அடிக்கும் என்ற அச்சத்தில் எழுப்பப்பட்ட சுவர்கள் நம் சமவெளியில் தீமையே செய்கின்றன. வேம்போ பூவரசோ அருகில் இருந்தால் பகலில் மாட்டை அங்கே மாற்றுவது எந்தக் கூரையையும்விட மேல்.

தண்ணீர் தெளிப்பதில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. வாளியால் மேலே ஊற்றிவிட்டு விசிறி இல்லாமல் விடுவதால் கொட்டகையின் ஈரப்பதம் ஏறுகிறதே தவிர மாடு குளிர்வதில்லை. உடலின் மேலுள்ள நீர் ஆவியாகும்போதுதான் வெப்பம் வெளியேறும், ஆவியாவதற்குக் காற்று ஓடவேண்டும். தோல் நனையும் வரை ஒன்றிரண்டு நிமிடம் தெளித்து, பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் விசிறியை ஓடவிட்டு, மீண்டும் தெளிப்பதே சரியான முறை. மடி நனைந்து நீர் காம்புவழி ஒழுகும் அளவுக்கு ஊற்றக்கூடாது. மேலும், தின்ற தீவனம் இரைப்பையில் நொதிக்கும்போதும் வெப்பம் பிறக்கிறது. ஆதலால் கோடையில் பசுந்தீவனத்தின் பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குப் பிறகும் விடியற்காலையிலும் போடுங்கள்.

தண்ணீரும் கயிறும்

பாலில் 87 விழுக்காடு தண்ணீர். ஒரு லிட்டர் பாலுக்கு நான்கைந்து லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படும் என்பது வழக்கமான கணக்கு. பத்து லிட்டர் கறக்கும் மாடு கோடையில் 60 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். காலையும் மாலையும் தவிட்டுத் தண்ணீர் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். அது தண்ணீர் கொடுப்பதாகாது, தீவனம் கொடுப்பதாகும். நாள் முழுவதும் எட்டும் இடத்தில் வெறும் தண்ணீர் இருக்கவேண்டும். தொட்டியை நிழலில் வைத்து, வாரம் ஒருமுறை சுண்ணாம்பு அடித்து, பாசி பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாவற்றுள்ளும் மிகக் குறைந்த செலவில் மிக விரைவாகப் பயன் தெரியும் மாற்றம் இதுதான்.

அடுத்தது கயிறு. மாடு எழும்போது பின்னங்கால்களை முதலில் ஊன்றி, தலையை முன்னே நீட்டி, அந்த வீச்சில்தான் முன்னங்கால்களை நிமிர்த்தும். முகத்துக்கு நேரே சுவரோ உயர்ந்த தொட்டியோ இருந்து, கயிறும் குட்டையாக இருந்தால் அந்த வீச்சு தடைபடும். அப்படிப்பட்ட கட்டுத்தறியில் மாடுகள் படுக்கத் தயங்கி நின்றுகொண்டே இருக்கும். முழங்கால்களில் வீக்கமும் மயிர் உதிர்ந்த தழும்பும் காணப்படும். கறவை மாடு நாளில் பத்து முதல் பதினான்கு மணி நேரம் படுத்திருக்க விரும்புகிறது. தீவனத்தையும் படுக்கையையும் பல மணி நேரம் மறுத்து, பிறகு இரண்டையும் ஒருசேரக் கொடுத்த ஆய்வுகளில், மாடுகள் பசியோடிருந்தும் படுப்பதையே முதலில் தேர்ந்தன. படுத்திருக்கும்போது மடிக்குச் செல்லும் குருதியோட்டம் கூடுகிறது, குளம்புகளும் உலர்கின்றன.

படுக்குமிடம் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. மாடு படுக்கும் இடத்தில் நீங்களே மண்டியிட்டு, அரை நிமிடம் இருந்துவிட்டு எழுங்கள். முட்டி வலித்தால் தரை கடினம். வேட்டி நனைந்தால் தரை ஈரம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: உலர்ந்த மணல், தென்னை நார்க்கழிவு, கரும்புச் சோகை ஆகியவற்றுள் ஊரில் மலிவாகக் கிடைப்பதைப் பரப்பி, நனைந்த பகுதியை அன்றாடம் அள்ளி மாற்றுவது. ரப்பர் விரிப்பு கடினத்தைக் குறைக்கும், ஈரத்தைக் குறைக்காது. விரிப்பின் அடியில் சிறுநீர் தேங்கினால் முன்பைவிடக் கேடு. சிமெண்ட் தரைக்கு நாற்பது அடிக்கு ஓரடி என்ற அளவில் வாட்டம் இருந்தால் நீர் வடியும்.

இடம் உள்ளவர்கள் மாட்டைக் கட்டாமல் வேலிக்குள் அவிழ்த்துவிடும் முறைக்கு மாறலாம். ஒரு மாட்டுக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டரும் திறந்த வெளியில் 7 சதுர மீட்டரும் இந்தியத் தர அளவுகள். ஐந்து மாடுகளுக்கு மொத்தம் 52.5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் சென்ட். வீட்டின் பின்புறத்திலேயே பலருக்கு இவ்வளவு இருக்கும். முட்டும் மாடு ஒன்று இருந்தால் அதை மட்டும் தனியே பிரித்துவிடுங்கள். இடமே இல்லாதவர்கள் பகலில் இரண்டு மணி நேரமாவது அவிழ்த்து நடக்கவிட்டால் குளம்பு தேய்ந்து சீராவதோடு, பருவத்துக்கு வந்த மாடும் எளிதில் கண்ணில் படும்.

தீவனம்: எதைச் சேர்ப்பது, எதை நம்பாதிருப்பது

மாடு தின்னும் தீவனத்தின் மொத்த ஆற்றலில் 2 முதல் 12 விழுக்காடு வரை மீத்தேனாக ஏப்பத்தில் போய்விடுகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. உலகத்துக்கு அது தட்பவெப்பச் சிக்கல் என்றால், மாடு வளர்ப்பவருக்கு அது தீவனச் செலவில் ஓட்டை. வைக்கோலை மட்டும் நம்பி வளர்க்கும்போது அந்த ஓட்டை பெரிதாகிறது. ஒரு லிட்டர் பாலுக்கான மீத்தேன் மிகுகிறது. தேசியப் பால்வள வாரியம் நாடு முழுவதும் நடத்திய சரிவிகிதத் தீவனத் திட்டத்தின் அடிப்படையே இதுதான்: உள்ளூரில் கிடைக்கும் பொருள்களையே சரியான அளவில் கலந்தால் செலவும் குறையும், மீத்தேனும் குறையும்.

வழக்கமான அளவுகளைச் சொல்கிறேன். உடல் காப்புக்கு ஒன்றரைக் கிலோ அடர்தீவனமும், கறக்கும் ஒவ்வோர் இரண்டரை லிட்டருக்கும் மேலும் ஒரு கிலோவும் வேண்டும். பத்து லிட்டர் மாட்டுக்கு ஆகமொத்தம் ஐந்தரைக் கிலோ. பசுந்தீவனம் 25 முதல் 30 கிலோ, உலர்தீவனம் ஐந்தாறு கிலோ, தாது உப்புக் கலவை நாளுக்கு 30 முதல் 50 கிராம். பசுந்தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கு கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் போன்ற புல்லாகவும், ஒரு பங்கு வேலிமசால், குதிரைமசால், அகத்தி, தட்டைப்பயறு போன்ற பயறுவகையாகவும் இருக்கட்டும். புல்லை மட்டும் மலையாகப் போட்டுவிட்டுப் பால் கூடவில்லையே என்று வருந்துவோர் அந்த ஒரு பங்கை மறந்தவர்கள். எதுவானாலும் ஓரங்குல நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் கழிவு குறையும்.

வைக்கோல் மட்டுமே மிகுதியாக உள்ள டெல்டாப் பகுதியில் யூரியா ஊட்டம் செய்யலாம். நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுமையாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாட்கள் வைக்கவேண்டும். கொடுப்பதற்கு முன் காற்றாட விரித்து, நெடி போனபின் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கக்கூடாது. யூரியா கரைத்த வாளியை மாட்டின் வாய் எட்டும் இடத்தில் ஒரு கணமும் வைக்கக்கூடாது.

அசோலாவைப் பற்றி ஒரு சொல். பாசி போன்ற இந்தச் சிறு செடியைப் பற்றிப் பேசாத பயிற்சி முகாம் இல்லை. அதில் ஏறக்குறைய 95 விழுக்காடு தண்ணீர். இரண்டு கிலோ அசோலாவில் உலர்ந்த பொருள் நூறு கிராமைச் சற்றே தாண்டும். அதில் கால் பங்கு புரதம் என்றால் முப்பது கிராம் தேறலாம். ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கில் நானூறு கிராமுக்கு மேல் புரதம் உண்டு. கோழிக்கு அசோலா நல்லது. மாட்டுக்கு அது ஒரு தொடுகறி.

பிண்ணாக்கைச் சேமிப்பதில் காட்டவேண்டிய கவனம் மாட்டோடு நிற்பதில்லை, பால் குடிக்கும் குழந்தை வரை செல்கிறது. ஈரம் பட்ட கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றில் வளரும் பூசணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. அது உருமாறிப் பாலில் இறங்குகிறது, காய்ச்சினாலும் போவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது 5.7 விழுக்காட்டு மாதிரிகளில் இந்த நஞ்சு வரம்பை மீறியிருந்தது. மீறிய மாதிரிகள் மிகுதியாகக் கிடைத்த மாநிலம் தமிழ்நாடு. மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பதினைந்து நாட்களுக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். பூசணம் பூத்ததைத் தட்டிவிட்டு மாட்டுக்கு வைப்பது கூடவே கூடாது.

சோளப்பயிரைப் பூக்கும் முன், அதிலும் வாடிய நிலையில், மேயவிட்டால் சயனைடு நஞ்சால் மாடு நிமிடங்களில் விழும். அதேபோல், மாட்டுப் பொங்கலன்று அன்பின் மிகுதியால் ஊட்டும் பொங்கல் சோறு இரைப்பையில் அமிலமாக மாறி, ஆண்டுதோறும் கால்நடை மருத்துவமனைகளின் வாசலில் கூட்டம் சேர்க்கிறது. ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொண்டு, மீதி அன்பைக் கரும்புச் சோகையிலும் அகத்திக்கீரையிலும் காட்டலாம்.

கறவையும் மடியும்

பால் இறங்குவதற்குக் காரணமான ஆக்சிடோசின் என்னும் சுரப்பு மடியைத் தொட்ட சில நொடிகளில் வெளிவந்து, சில நிமிடங்களே வேலை செய்யும். ஆகவே மடியைக் கழுவித் துடைத்தவுடன் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நிமிடங்களுக்குள் கறந்து முடிக்கவேண்டும். மாடு அஞ்சினால் அந்தச் சுரப்பு தடைபட்டுப் பால் மடியிலேயே தங்கும். முன்பு தன்னை அடித்தவர் அருகில் நின்றாலே மடியில் தங்கும் பால் கூடுவதைக் கனடாவைச் சேர்ந்த ஜெஃப்ரி ரஷன் முதலியோரின் ஆய்வு 1999இல் காட்டியது. ஆக்சிடோசின் ஊசி போட்டுக் கறப்பது சட்டப்படி குற்றம் என்பதோடு, அடியோடு தேவையற்றதும்கூட. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 516 பண்ணையாளர்களிடம் கேட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், மாடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் பண்ணைகளில் ஆண்டுக்கு 258 லிட்டர் பால் கூடுதல் என்று தெரியவந்தது. பெயர் வைத்ததால் பால் கூடியது என்று அதற்குப் பொருளில்லை. பெயர் வைக்கும் அளவுக்கு மாட்டைக் கவனிப்பவர் மற்றவற்றையும் கவனிப்பார் என்றே கொள்ளவேண்டும். லட்சுமியும் செவலையும் இல்லாத தொழுவம் நம்மிடம் ஏது?

கறவையின் ஒழுங்கு இதுதான். கையைக் கழுவுங்கள். முதல் இரண்டு மூன்று பீச்சுகளைக் கருப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சி, மடிநோயின் அறிகுறியான திரி இருக்கிறதா என்று பாருங்கள், தரையில் பீச்சாதீர்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணியால் மடியைத் துடையுங்கள். கட்டைவிரலை மடக்கி இழுக்காமல் முழுக் கையால் அழுத்திக் கறங்கள். கட்டைவிரல் முட்டி காம்பின் உட்புறத்தைக் காயப்படுத்தும். நல்ல மாடுகளை முதலிலும் மடிநோய் கண்ட மாட்டைக் கடைசியிலும் கறங்கள். முடித்தவுடன் காம்புகளை அயோடின் கரைசலில் முக்குங்கள். காம்புத் துளை மூடிக்கொள்ள அரை மணி நேரம் வரை ஆகும் என்பதால், கறந்தவுடன் பசுந்தீவனம் போட்டு மாட்டை நின்றபடியே தின்னவையுங்கள். உடனே படுத்தால் தரையிலுள்ள கிருமி நேரே உள்ளே போகும்.

கண்ணுக்குத் தெரியாத மடிநோய்தான் பால் இழப்பின் பெரும்பகுதிக்குக் காரணம். நான்கு குழிகள் கொண்ட தட்டில் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே பீச்சி, சோதனைத் திரவத்தை ஊற்றிச் சுழற்றினால், பாதித்த காம்பின் பால் கூழாகத் திரளும். மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். தொடக்க நிலையில், தஞ்சாவூரில் மரபுசார் கால்நடை மூலிகை மருத்துவ ஆய்வு மையத்தை வழிநடத்திய பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மருந்து பலருக்குக் கைகொடுக்கிறது: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து, தண்ணீரில் தளர்த்தி, பாலை முழுக்கப் பீச்சியபின் மடி முழுவதும் நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாட்கள் பூசவேண்டும். தேசியப் பால்வள வாரியமும் இதைப் பரிந்துரைக்கிறது. மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, பாலில் இரத்தமோ சீழோ வந்தாலோ இதற்காகக் காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். நுண்ணுயிர் எதிர்ப்பு ஊசி போட்டபின் மருத்துவர் சொல்லும் நாட்கள் வரை அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றக்கூடாது, கன்றுக்கும் கொடுக்கக்கூடாது.

வலி மருந்திலும் ஒரு கேள்வி கேட்கவேண்டும். டைக்ளோஃபெனாக் போடப்பட்டு இறந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிகின்றன என்பது 2004இல் உறுதியானது. இந்தியாவில் கால்நடைகளுக்கு அது 2006இலும், கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023இலும் தடைசெய்யப்பட்டன. பாறுகள் வாழும் நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கை ஒட்டிய ஊர்களில் மாடு வைத்திருப்பவர்கள் மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அது பாறுகளுக்குத் தீங்கற்றது, மாட்டின் வலிக்கும் நன்றாகவே கேட்கும்.

கன்றுகள்

பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோக் கன்றுக்கு இரண்டரை லிட்டர், முதல் நாளுக்குள் உள்ளே போயிருக்கவேண்டும். நேரம் ஆக ஆக நோய் எதிர்ப்புப் புரதங்களைக் குடல் ஏற்கும் ஆற்றல் குறைந்து, 24 மணி நேரத்தில் நின்றுவிடும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது பழைய பழக்கம், கன்றுக்குக் கேடு.

மேல்நாட்டுப் பண்ணைகளில் கன்றைப் பிறந்த அன்றே தாயிடமிருந்து பிரிப்பது சரியா என்ற விவாதம் இப்போது சூடாக நடக்கிறது. நாமோ கன்றை ஊட்டவிட்டுத்தான் கறக்கிறோம். கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தோல்கன்று கட்டித் தாய்க்குக் காட்டியவர்கள் நம் முன்னோர். கறவைக்குப் பின்னும் கன்றை ஊட்டவிட்டால் மடியில் எஞ்சிய பால் வடிவதோடு மடிநோயும் குறைகிறது என்று வெப்பமண்டல நாடுகளில் நடந்த ஆய்வுகள் பல சொல்கின்றன. ஆனால் பெரும்பாலான வீடுகளில் கன்றின் பங்கு நான்கு சப்பில் முடிந்துவிடுகிறது. ஒரு காம்பைக் கன்றுக்கென்று விட்டுவிடுங்கள். பதினைந்து மாதத்தில் பருவத்துக்கு வரவேண்டிய கிடேரி இரண்டரை வயதில் வந்தால் ஏற்படும் இழப்பு அந்தப் பாலின் விலையைப்போலப் பன்மடங்கு. கொம்புக் குருத்தைச் சுடுவதானால் முதல் சில வாரங்களிலேயே, மரத்துப்போகும் ஊசி போட்டு, மருத்துவரே செய்யவேண்டும்.

காளைக் கன்று பிறந்தால் பால் கொடுக்காமல் மெலியவிடுவது நம் பால் தொழிலின் வெளியே சொல்லப்படாத பக்கம். பெண் கன்றே பெரும்பாலும் பிறக்கும் பாலினம் பிரித்த விந்துக் குச்சிகள் இப்போது கிடைக்கின்றன; ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பெண் கன்றாக அமையும். சினை பிடிக்கும் விகிதம் சற்றுக் குறைவு என்பதால் முதல்முறை சினையாகும் நலமான கிடேரிகளுக்கு அதைப் பயன்படுத்துவது பொருத்தம்.

சாணமும் அடுத்த சினையும்

ஐந்து மாடுகளின் சாணம் நாளுக்கு 50 கிலோவுக்குக் குறையாது. இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு அதுவே போதும். ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியும். வெளிவரும் கழிவுக் கூழை நேப்பியர் வரப்புக்கே பாய்ச்சலாம். குழாயிலோ கலனின் மூடியிலோ கசிவிருந்தால் எரியாத மீத்தேன் காற்றில் கலந்து, செய்த நன்மை வீணாகும் என்பதால், மாதம் ஒருமுறை இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

கடைசியாக நோட்டின் கடைசிப் பக்கம். ஒவ்வொரு மாட்டுக்கும் ஈன்ற தேதி, பருவத்துக்கு வந்த தேதி, சினை ஊசி போட்ட தேதி, சினை உறுதியான தேதி என நான்கு கட்டங்கள் போடுங்கள். பருவம் 21 நாட்களுக்கு ஒருமுறை வரும். தவறவிட்ட ஒவ்வொரு பருவமும் மூன்று வாரத் தீவனத்துக்குச் சமம். கலப்பின மாடுகளில் கத்தல் இல்லாத ஊமைப் பருவம் கோடையில் மிகுதி என்பதால், விடியற்காலை ஐந்து மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் டார்ச் அடித்துக் கண்ணாடி போன்ற வழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுங்கள். ஈன்ற அறுபது நாளில் பருவம் தெரியாத மாட்டின் பெயரைச் சிவப்பு மையால் சுழித்து, தொண்ணூறாவது நாளைத் தாண்டவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் வரும்போது அந்த நோட்டையும் கையில் கொடுங்கள்.